படத்து ஜாக்கெட்டு

என் தம்பி மகள் அண்ணா நகரில் வீடு கட்டி, போன மாதம் மாதா கோயில் சாமியாரை அழைத்து ஜெபம் சொல்லி மந்திரிக்கச் செய்தாள். நானும் போயிருந்தேன். வயசானவர்களுக்கென்று ஒதுக்கிய சோபாவில் என்னை உட்கார்த்தி வைத்துக் காபி கொடுத்தார்கள். எதிர்ச் சுவரில் கண்ணாடி போட்ட ஒரு படம் மாட்டியிருந்தது. குடையை விரித்துக் கவிழ்த்தது மாதிரி பாவாடை கட்டிய இரண்டு வெள்ளைக்காரிகள். ஒருத்தி நம்மைப் பார்த்து நிற்கிறாள், மற்றவள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"நூறு வருஷத்துப் படம் அத்தை. பிரான்சுல அச்சடிச்சு, ஒவ்வொண்ணுக்கும் கையாலயே கலர் குடுத்தது" என்றாள் தம்பி மகள். அவள் கையில்லாத ரவிக்கை போட்டிருந்தாள். அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. படத்தின் விலையையும் சொன்னாள். எனக்குக் காபி புரையேறிவிட்டது.

புரையேறியது விலையைக் கேட்டு மட்டுமில்லை. முகம் காட்டி நிற்கிறவளை எனக்குத் தெரியும். ரொம்ப நாள் பழக்கம். இங்கே பச்சைக் கவுன் போட்டிருக்கிறாள், ராயபுரத்தில் எங்களோடு இருந்தவள் நீலம் போட்டிருந்தாள். இன்னொரு வித்தியாசமும் உண்டு. இங்கே தோளும் கழுத்தும் பளிச்சென்று திறந்து கிடக்கின்றன. நான் கடைசியாகப் பார்த்தபோது அவள் கழுத்து மூடிய, மணிக்கட்டு வரை கை வைத்த வெள்ளை ஜாக்கெட்டு போட்டிருந்தாள். சொன்னால் சிரிப்பீர்கள், அந்த ஜாக்கெட்டைப் போட்டுவிட்டதே நான்தான். என் முதல் உத்தியோகம் வெள்ளைக்காரிகளுக்கு ஜாக்கெட்டு மாட்டுவது.

அதைச் சொல்ல வந்தால் அம்மாவின் ஜாக்கெட்டிலிருந்து தொடங்க வேண்டும். அம்மாவுக்கு இருந்தது ஒன்றே ஒன்று. வீட்டில் அதைப் போடமாட்டாள். புடவையைச் சுற்றி இழுத்துச் செருகிக்கொள்வாள், எங்கள் சந்தில் எல்லா அம்மாக்களும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் அது கொடியிலிருந்து இறங்கும். முழங்கை வரை தொளதொளவென்று கை, யாருக்கோ தைத்து யாருக்கோ வந்து சேர்ந்த உருப்படி. கோயிலிலிருந்து திரும்பியதும் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு "அப்பாடா" என்று விசிறியைத் தேடுவாள். "ஜாக்கெட்டுதான் பூசை பாக்கப் போவுது, அம்மா சும்மா தொணைக்குப் போவுது" என்று பெரியக்கா சொல்வாள்.

பெரியக்காவுக்கு வாய் அதிகம். சாமியார் பிரசங்கம் செய்வது, மீன்காரி பேரம் பேசுவது, நைனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வந்து முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருவது எல்லாவற்றையும் அப்படியே செய்து காட்டுவாள். பெரம்பூரில் ரயில்வே வேலையில் இருந்த மாப்பிள்ளைக்கு அவளைக் கொடுத்திருந்தோம். மாமா அதிர்ந்து பேசாத மனுஷன், வரும்போதெல்லாம் பூவும் பிஸ்கோத்தும் வாங்கி வருவார். கல்யாணமான பிறகும் அக்கா ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலுக்குத்தான் வருவாள். பெரம்பூர்க் கோயிலில் அவள் சொல்வதற்குச் சிரிக்க ஆளில்லையாம்.

எனக்குப் படிப்பு ஏறவில்லை, கணக்கு சுத்தமாக வராது. கன்னியாஸ்திரீகளின் மடத்தையொட்டி ஒரு தையல் கூடம் இருந்தது, அங்கே சேர்த்துவிட்டார்கள். இன்றைக்கும் ஈரத்துணி வாடை அடித்தால் எனக்கு அந்தக் கூடம்தான் நினைவுக்கு வரும். காரணம் இருக்கிறது. எங்களுக்கு வரும் வேலையில் பாதி வெள்ளைத் துணி. பூசையில் முதல் தடவை அப்பம் வாங்கிப் புதுநன்மை எடுக்கிற பிள்ளைகளுக்குக் கவுன், கல்யாணப் பெண்ணுக்கு முக்காட்டு வலை, சாமியார்களுக்கு அங்கி. பக்கத்திலேயே துறைமுகத்தில் கரி இறக்குவார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து திரும்பினால் போதும், தைத்துக்கொண்டிருக்கும் கவுனில் எள் தூவியது மாதிரி கரித்தூள் விழும். அதனால் ஜன்னல்களுக்கெல்லாம் பழைய புடவையை நனைத்துத் தொங்கவிடுவோம். சாயங்காலம் அவிழ்த்துப் பிழிந்தால் தண்ணீர் கறுப்பாக ஓடும். உள்ளே இருட்டும் புழுக்கமும் தாங்க முடியாது. அந்த இருட்டில் சுவர் நிறையக் கலர் கலராக வெள்ளைக்காரிகள்.

கூடத்துக்குப் பெரியவர் ஒரு பிரெஞ்சு மதர். நல்ல வயசாளி. ஊரை விட்டு வரும்போது ஒரு தகரப் பெட்டியில் கொண்டு வந்த படங்களாம் அவை. அப்போதே மிகப் பழசு. அந்தப் பாவாடைகளை உலகத்தில் யாரும் கட்டுவதில்லை என்று எங்களுக்கே தெரியும். ஆனாலும் பெரம்பூரிலிருந்து வருகிற சட்டைக்காரம்மாக்கள், ஆங்கிலோ இந்தியர்களை அப்போது அப்படித்தான் சொல்வோம், சுவரைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பார்கள். முழு உடுப்பு யாருக்கும் வேண்டாம். இவள் காலர், அவள் சுருக்கு, அந்த மூலையில் நிற்கிறவளின் இடுப்புப் பட்டி என்று விரலால் தொட்டுக் காட்டுவார்கள். ஒரு கல்யாண கவுனுக்குள் அஞ்சாறு வெள்ளைக்காரிகள் இருப்பார்கள்.

எல்லாப் படத்திலும் இரண்டு பேர், அதில் ஒருத்தி கட்டாயம் முதுகைக் காட்டுவாள். தையல்காரிக்குப் பின்பக்கமும் தெரிய வேண்டுமில்லையா, அதற்காக. பெரியக்கா ஒரு நாள் என்னைக் கூப்பிட வந்தவள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, எல்லாம் நாத்தனா சண்டையா கீது" என்றாள். அன்றிலிருந்து கூடத்தில் அவர்களுக்கு நாத்தனார்கள் என்றே பெயர். நீலக் கவுன்காரி மூத்த நாத்தனார்.

அந்த நீலத்தை வரைந்தது மதரின் அம்மா. மதர் சொல்லித்தான் தெரியும். அவர் ஊரில் பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்களாம். ஒருத்திக்கு நீலம் மட்டும், ஒருத்திக்கு ரோஜா மட்டும், ஒருத்திக்குக் கன்னச் சிவப்பு மட்டும். காகிதம் கை மாறிக் கை மாறிச் சுற்றி வருமாம். "நீலம் எல்லாம் என் அம்மா" என்பார். மதருக்குத் தமிழ் அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது படத்தை விரலால் தொடமாட்டார், விரலைக் கிட்டே கொண்டுபோய் நிறுத்திக்கொள்வார்.

இப்படி இருக்கையில் எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதுச் சாமியார் வந்தார். தெற்குச் சீமைக்காரர், கண்டிப்பானவர். வந்த மாதமே பூசையில் அறிவிப்பு வாசித்தார். முழங்கைக்கு மேலே கை வைத்த ஜாக்கெட்டோடு வருகிற பெண்களுக்கு நன்மை கிடையாது, பூசை அப்பம் நாக்கில் வைக்கப்பட மாட்டாது. காரணம் இல்லாமலில்லை. ஊரெல்லாம் ஜாக்கெட்டுக் கை குட்டையாகிக்கொண்டே போன காலம் அது. புஸ்ஸென்று உப்பிய சின்னக் கை வைத்துக்கொண்டு பட்டணத்துப் பெண்கள் திரிந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், எங்கள் அம்மாக்களை முதலில் ஜாக்கெட்டு போட வைத்ததே கோயில்தான். போட்டுப் பழகி, அதில் கொஞ்சம் ஆசையும் வந்த பிறகு, கை எவ்வளவு நீளம் என்று அளக்க ஆரம்பித்தார்கள்.

சாமியார் கூடத்தைப் பார்க்க வந்தார். நாத்தனார்களைப் பார்த்தார். பாதிப் பேருக்குத் தோளும் மார்பின் மேல்பக்கமும் திறந்திருந்தன.

"என்ன மதர், பொம்பளைப் பிள்ளைகள் வேலை செய்யுற எடத்துல இப்படிப் படமா? இதையெல்லாம் எடுத்துருங்க" என்றார்.

மதர் அன்று முழுக்கத் தலைவலி என்று படுத்துக்கொண்டார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு சாயப் பெட்டியையும் தூரிகையையும் கொடுத்து, தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, "மூடு" என்றார். எனக்குத் துணியில் பூ வேலைக்குக் கோடு போடத் தெரியும். அதுவே தகுதி.

மதரின் சாயம் தண்ணீரில் கரைத்தால் கண்ணாடி மாதிரி ஆயிற்று. எத்தனை தடவை பூசினாலும் கீழே இருக்கிற தோள் சிரித்தது. மூடுகிற வெள்ளை என்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், சுண்ணாம்பு. அம்மாவின் வெற்றிலைச் சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, வேலம்பிசினைக் கரைத்துச் சேர்த்துப் பூசினேன். பிரமாதமாக மூடிக்கொண்டது. வெள்ளைக்காரிகள் மூடி உடுத்தினால் எப்படி உடுத்துவார்கள் என்று எனக்கென்ன தெரியும்? கன்னியாஸ்திரீகளைப் பார்த்துக் கழுத்தை மேலே ஏற்றினேன். துணிச் சுருக்கம் வரைய வராததால் சட்டைக் கையை ஒட்டினாற்போல மணிக்கட்டு வரை இழுத்துவிட்டேன். மணிக்கட்டில் தூரிகை நடுங்கிச் சொட்டுச் சொட்டாகப் புள்ளி விழுந்துவிட்டது. அழித்தால் கிழியும் என்று பயந்து, புள்ளிகளையெல்லாம் பொத்தான்களாக ஆக்கினேன். என் சாமர்த்தியம் அவ்வளவுதான். அதைத்தான் ராயபுரம் ஃபேஷன் என்று எடுத்துக்கொண்டது.

ஆமாம், நிஜமாகத்தான் சொல்கிறேன். கொஞ்ச நாளில் எங்கள் பக்கத்துப் பெண்கள் கூடத்துக்கு வந்து மூத்த நாத்தனாரைக் காட்டி, "இந்த மாரி தச்சுக் குடு" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கழுத்து மூடி, ஒட்டின முழுக்கை, மணிக்கட்டில் வரிசையாகச் சிப்பிப் பொத்தான். பெரியக்காதான் முதல் ஆள்களில் ஒருத்தி. படத்து ஜாக்கெட்டு என்று பெயர் வைத்ததும் அவள்தான். சாமியாருக்கும் சந்தோஷம். என் கைத் தவறு ஒரு ஊருக்கே உடுப்பாகிவிட்டதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வெயிலில், அந்தப் புழுக்கத்தில், மணிக்கட்டு வரை மூடிக்கொண்டு பெண்கள் போவதைப் பார்த்து, அழகுக்கு ஆசைப்பட்டால் வேர்வையைப் பார்க்க முடியுமா என்று பெரிய மனுஷி மாதிரி நினைத்துக்கொள்வேன்.

அந்த ஜாக்கெட்டுகளுக்குக் கை ஏற்றியதெல்லாம் ரோசலி. சட்டையில் கையை இணைப்பதைக் கை ஏற்றுவது என்போம். அதில்தான் தையல்காரியின் குணம் தெரியும், கொஞ்சம் பிசகினால் தோளில் கூடாரம் நிற்கும். ரோசலி ஏற்றினால் தையல் எங்கே என்று தேட வேண்டும். தாய் தகப்பன் இல்லாதவள், மடத்திலேயே வளர்ந்தவள். மதர்தான் மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்தார். துறைமுகத்தில் கூலியாட்களை மேய்க்கிற மேஸ்திரி. திருநாளில் சப்பரத்துக்குக் குடை பிடிக்கிறவன், கோயில் காரியம் எதற்கும் முதலில் நிற்கிறவன். இதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்று மதர் பெருமைப்பட்டுக்கொண்டார். ரோசலி அதிகம் பேசமாட்டாள். தனக்கென்று படத்து ஜாக்கெட்டுகளாகவே தைத்துக்கொண்டாள். பூசைக்கு மட்டுமில்லை, வேலைக்கும் அதுதான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கூடத்துச் சுவர் வேர்த்து வழிந்தது. மழை விட்ட ஒரு காலை ஜன்னல் புடவைகளை அவிழ்த்து வெளிச்சம் உள்ளே வந்ததும், முதலில் பார்த்த பெண் "ஐயையோ" என்றாள். மூத்த நாத்தனாரின் ஜாக்கெட்டில், கழுத்தைச் சுற்றி, கறை. சுண்ணாம்பு அடியில் கவுன் விளிம்பில் இருந்த நீலத்தைத் தின்றுவிட்டது. நீலமெல்லாம் பழுப்பாகி, ஓரத்தில் மஞ்சளாகி, என் வெள்ளையைத் தாண்டிக் கழுத்து வரை ஊறி நின்றது. சுண்ணாம்பு பட்டால் அந்த நீலம் தாங்காது என்று எனக்கு யார் சொன்னார்கள்? மதர் வந்து பார்த்தார். ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நீலம் போச்சு" என்றார். அப்புறம் பிரெஞ்சில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அழுதுவிட்டேன்.

ரோசலி ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். படத்தைக் கிட்டே நின்று பார்த்தாள்.

"அழுவாத. மொதல்ல நீலமாத்தான் இருக்கும்" என்றாள். "அப்பால பழுப்பாவும். அப்பால மஞ்சளா வந்து, அப்பால பூடும்."

குழம்புக்குப் பக்குவம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். கூடத்தில் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ரோசலியே கழுத்துப் பொத்தானைக் கழற்றினாள். படத்தில் இருந்த அதே நிறங்கள், அதே இடத்தில். ஒரு பக்கம் கட்டை விரலின் அடையாளம் தனியாகத் தெரிந்தது.

மதர் அதைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. மாப்பிள்ளை பார்த்தது அவரில்லையா?

"எத்தனை நாள்?" என்று கேட்டார்.

"கட்டிக்கினதுலேர்ந்து" என்றாள் ரோசலி.

அன்றே மதர் குடையை எடுத்துக்கொண்டு சாமியாரைப் பார்க்கப் போனார். அந்தக் காலத்தில் புருஷனை விட்டு வந்தவளுக்கு எங்கள் பக்கத்தில் நிற்க இடமில்லை. மடத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றாலும் சாமியார் சரி என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டால் ரோசலி வேலை முடிந்ததும் அந்த வீட்டுக்குத்தான் போயாக வேண்டும். அடுத்த தடவை அவன் கையைக் கழுத்திலிருந்து எடுப்பானா என்பது அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. மதர் திரும்பி வரும் வரை நாங்கள் தைக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தோம்.

மதர் வந்தார். பாவாடை முழுக்கச் சேறு. "அவன் நல்ல மனுஷன் சொல்றார். பொறுமை சொல்றார். வீட்டு விஷயம், யாரும் பார்க்கலை சொல்றார்" என்றார்.

ரோசலி தலையை ஆட்டிக்கொண்டாள். எதிர்பார்த்தவள் மாதிரிதான் இருந்தாள். அன்று வீட்டுக்கும் போனாள். சனிக்கிழமை மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம், தன்னுடைய ஜாக்கெட்டு ஒன்றை என் மடியில் போட்டாள்.

"கைய நறுக்கு. இம்மாந்தான் வையி" என்று தோளுக்குக் கீழே நாலு விரல் வைத்துக் காட்டினாள். "கழுத்தையும் எறக்கு."

"நீதான் என்னைவிட நல்லா தைப்பியே."

"நான் ஏத்தின கை. என்னால நறுக்க முடியாது."

"நாளைக்குப் பூசைக்கா? சாமியாரு நன்மை குடுக்கமாட்டாருக்கா."

"தெரியும். நறுக்கு."

நறுக்கினேன். அவள் சட்டைக் கையில் கத்தரி வைப்பதற்கு மனசு வரவில்லை, அவ்வளவு அழகாக ஏற்றியிருந்தாள்.

மறுநாள் பூசையில் நானும் பெரியக்காவும் அம்மாவும் பெண்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தோம். நன்மை வாங்கும் நேரம் வந்தது. எல்லோரும் எழுந்து பீடத்துக்கு முன்னாலுள்ள கிராதிக்குப் போனார்கள். ரோசலி போகும்போது முந்தானையைப் போர்த்திக்கொண்டுதான் போனாள். அங்கே முழங்கால் போட்டதும் முந்தானையைத் தோளிலிருந்து நழுவவிட்டாள். அவள் முதுகு எங்களுக்கு, முகம் சாமியாருக்கு. இரண்டு கையும் தோளுக்கு நாலு விரல் கீழேயிருந்து முழங்கை வரை எங்கள் எல்லோருக்கும் தெரிந்தன. பழையதும் புதியதுமாக, நீலமும் மஞ்சளுமாக. ஒரு இடத்தில் சுருட்டுச் சூடு.

சாமியார் ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டு வந்தார். ரோசலியிடம் வந்தார். கையில் எடுத்த நன்மையைத் திரும்பப் பாத்திரத்தில் வைத்தார். அவளைத் தாண்டி அடுத்தவளிடம் போனார். குட்டைக் கை, அதனால் கிடையாது. சட்டத்தைச் சொன்னபடி செய்தார். அவர் கண்ணில் பட்டது ஜாக்கெட்டுதான் என்று நான் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். ரோசலி எழுந்திருக்கவில்லை. கடைசி ஆள் வரை கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்காகத் திரும்பி வந்தார். அவள் அங்கேயே இருந்தாள். மறுபடியும் தாண்டினார். இப்போது ஆண்கள் பக்கத்திலும் கழுத்துகள் நீண்டன. தூணருகே நின்ற அவள் புருஷன் ஜெபப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. எழுந்து போய்த் தன் முந்தானையால் ரோசலியைப் போர்த்தப் பார்த்தாள். ரோசலி அதைத் தள்ளிவிட்டாள். "மூடாத அத்தை, பாக்கட்டும்" என்றாள். பாட்டு நின்றிருந்த நேரம், கோயில் முழுக்கக் கேட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா புலம்பிக்கொண்டே வந்தாள். பெரியக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு நாளாக இருந்தால் சாமியார் தாண்டித் தாண்டிப் போனதை அவள் நடித்துக் காட்டியிருக்க வேண்டும், மாதக்கணக்கில் சொல்லிச் சிரிக்க வேண்டும்.

ரோசலி அன்று புருஷன் வீட்டுக்குப் போகவில்லை, நேரே மடத்துக்கு வந்துவிட்டாள். சாயங்காலம் அவனும் சாமியாரும் வாசலுக்கு வந்தார்கள். மதர் கதவை மறித்து நின்றார். "இந்தப் பெண் வேலை இருக்கு. நிறைய வேலை" என்றார். மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு பணிவாக ஏதோ சொன்னான். மதர் அவனைப் பார்க்காமல் சாமியாரிடம், "யாரும் பார்க்கலை சொன்னீங்க. இப்போ கோயில் பார்த்தது" என்றார். சாமியார் தரையைப் பார்த்தபடியே, "கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும்" என்றார். அந்தக் கொஞ்ச நாளுக்குள் மதர் அவளைப் புதுச்சேரியில் தங்கள் சபையின் மடத்துக்கு ரயிலேற்றிவிட்டார். அப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை. அங்கே கை ஏற்றக் கற்றுக்கொடுக்கிறாள் என்று மட்டும் கேள்விப்பட்டோம்.

தாய் தகப்பன் இல்லாததால் தப்பினாள் என்று இப்போது நினைக்கிறேன். கொடுமையான பேச்சுதான். ஆனால் அனுபவித்துச் சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையோடு படத்து ஜாக்கெட்டு செத்துப்போயிற்று. முழுக்கை போட்டுக்கொண்டு எவள் தெருவில் போனாலும் ஜனங்கள் மணிக்கட்டைப் பார்த்தார்கள். "உள்ள இன்னா கீது?" என்று குழாயடியிலேயே கேட்டார்கள். ஆசை ஆசையாகத் தைத்துக்கொண்டவர்களெல்லாம் கூடத்துக்குத் திரும்பி வந்தார்கள். நறுக்கிக் கொடு, முழங்கை வரைக்கும் போதும், சாமியார் திட்டினால் திட்டட்டும். மேசைமேல் வெட்டிய சட்டைக் கைகள் குவிந்தன. முதலில் சிரிப்பும் கேலியுமாகத்தான் நறுக்கினோம். போகப் போகச் சிரிப்பு நின்றது. யாருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தோம் என்று எங்களுக்குத் தெரியும். வந்தவர்களைப் பார்க்கப் பார்க்க, வராதவர்கள் யார் என்று தானாகவே தெரிய ஆரம்பித்தது. கூடத்தில் யாரும் பெயர் சொல்லவில்லை. கத்தரிச் சத்தம்தான் கேட்டது.

மதர் யுத்தத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தார். நாத்தனார்கள் மழைக்கும் கரையானுக்கும் இரையானார்கள், நீலம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கூடம் இருந்த இடத்தில் துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் வரிசையாக நிற்கின்றன, டிரைவர்கள் அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டிருக்கிறார்கள். படத்து ஜாக்கெட்டு என்றால் ராயபுரத்திலேயே இன்று யாருக்கும் தெரியாது. நைனா இல்லை, அம்மா இல்லை. பெரியக்கா போயும் பல வருஷமாகிறது. அவளைப் பற்றி யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

ரோசலி போன பிறகு வந்த சித்திரை மாதம். பெரியக்கா வந்து ஒரு வாரம் எங்கள் வீட்டில் தங்கினாள். தார் உருகிக் காலில் ஒட்டுகிற வெயில். வீட்டில் யாருமில்லாத நேரம் கத்தரியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஊரே நறுக்கிக்கிச்சு. நீ மட்டும் இன்னாத்துக்குக்கா இத்தைப் போட்டுக்கினு வேவுற? குடு."

"வேணாம் வுடு. குளுருதுடி" என்றாள்.

முகமெல்லாம் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அவள் மணிக்கட்டுப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தேன். அவள் தடுக்கவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

உள்ளே இருந்ததை அம்மாவிடம் சொன்னேன். அம்மா நைனாவிடம் சொன்னாள். நைனா அன்று சாப்பிடவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மாமா பூவும் பிஸ்கோத்துமாக வந்து நின்றபோது, "கட்டிக் குடுத்த பொண்ணு, எத்தினி நாளுதான் இங்க இருக்கிறது?" என்று எங்கள் யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுத் தெருமுனைக்குப் போய் ஜட்கா கூட்டிக்கொண்டு வந்ததும் நைனாதான். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அக்கா மெதுவாக விடுவித்துக்கொண்டு பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினாள், ஏறி உட்கார்ந்தாள். வண்டி ஆடியதும் பிடிக்க ஏதாவது வேண்டியிருந்ததோ என்னவோ, கையை வெளியே நீட்டி ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சந்து திரும்பும் வரை அந்த வெள்ளைச் சட்டைக் கை மட்டும் தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை.